ஆடியில் மாட்டின சைலன்சர்

அந்தச் சாக்கு உங்க காலை இடிக்குதுங்களா அம்மிணி? இருங்க, இந்தப் பக்கமா கொஞ்சம் நகத்திக்கறேன். ம்ம்... நகர மாட்டேங்குது. தேங்காய்தானுங்க. எச்சா ஒண்ணுமில்லை. கொஞ்சம் தேங்காய், ஒரு டின்னு எண்ணெய், அடியில நெலக்கடலை. வடவள்ளியில எந்தங்கச்சி வீட்டுக்குப் போறேன். ஒறம்பரை, சொந்தம்னு ஒரு வீட்டுக்கு வெறுங்கையை வீசிட்டுப் போக முடியுங்களா? எங்கம்மா என்னை அப்படி வளர்க்கலீங்க.

அந்தக் கண்டக்டர் தம்பியைப் பார்த்தீங்கல்ல? இதைத் தூக்கி உள்ள வெக்கறதுக்குள்ள மூச்சு வாங்கிட்டு, "இதென்னங்கக்கா, உள்ள கல்லா மண்ணா?"ங்கறான். எகத்தாளம்! வயசுப் பையன், ஒரு சாக்கைத் தூக்க முடியலை.

வீட்டுல கார் நிக்குதுங்க. இருந்தும் பஸ்ல போறேன். ஏன்னு கேட்டீங்கன்னா அது பெரிய கதை. கோயமுத்தூர் உக்கடம் போறதுக்குள்ள சொல்லிருவேன். நீங்க போனைப் பார்க்கோணும்னாலும் பாருங்க, நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வர்றேன்.

கார்னா நீங்க நினைக்கிற மாதிரி கார் இல்லீங்க. குட்டையா, செவப்பா, ரெண்டே சீட்டு. மேல கூரை கிடையாது, மழை வந்தா இழுத்து மூட ஒரு துணி, அவ்வளவுதான். அந்தக் காலத்துல வால்பாறை எஸ்டேட்ல ஒரு துரை ஓட்டுனதாமுங்க. துரை ஊருக்குப் போனப்புறம் குடோன்ல போட்டுட்டாங்க, கோழி ஏறி முட்டை வெச்சுக்கிட்டு இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரி சாப்பிடலீங்க. என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு ரெண்டு தட்டு பஜ்ஜி தின்னவரு அவரு!

வாங்கிட்டு வந்து, பிரிச்சு, மாட்டி, பெயிண்டு அடிச்சு, ஓட வெச்சாருங்க. எனக்கொண்ணும் அந்த வண்டி மேல ஆசை கிடையாது. உள்ளதைச் சொல்றேன். தோட்டத்து வேலை தலைக்கு மேல கிடக்க இது எதுக்குன்னுதான் நினைச்சேன். ஆனா ஒண்ணு சொல்லோணும். அதுவரைக்கும் எங்களுக்குள்ள என்னங்க பேச்சு? மோட்டார் போட்டாச்சா, சோறு ஆச்சா, கரண்டு வந்துருச்சா. அவ்வளவுதான். பையன் வெளிநாட்டுல இருக்கான், வீட்டுல நாங்க ரெண்டே பேரு. அந்த வண்டி ஓட ஆரம்பிச்ச பின்னாடி, பொழுதிறங்கற நேரமாப் பார்த்து, "வசந்தா, வா, ஆழியாறு வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம்"பாரு. ஸ்டியரிங்கைப் பிடிச்சாத்தான் மனுசன் வாயைத் தொறப்பாரு. சின்ன வயசுல கிணத்துல குதிச்சது, பள்ளிக்கூடத்துல வாத்தியாரை ஏமாத்துனது, எல்லாக் கதையும் அந்த வண்டியில வெச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது. இத்தனை வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், அவருக்குப் பாடத் தெரியும்னே எனக்குத் தெரியாதுங்க. நல்லாப் பாடுறாரு. கொஞ்சம் இழுப்பாரு, அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வர்றேன். ஆடி மாசத்துல சைலன்சர் பைப்பு துருப்பிடிச்சு ஓட்டையாயிருச்சு. துரை காலத்துப் பைப்பு, பாவம், அது எத்தனை நாள் தாங்கும்? பொள்ளாச்சியில ஜபார் பாய்னு ஒருத்தர் சைலன்சர் கடை வெச்சிருக்காரு. பழசைக் கழட்டி மாதிரி பார்த்து, அதே வளைவுல புதுசு வளைச்சுக் குடுத்தாரு. அந்தப் பைப்பு, பாருங்க, முன்னாடி இஞ்சின்ல இருந்து கிளம்பி, வண்டிக்கு அடியில ஓடி, பின் அச்சுக்கு மேல வளைஞ்சு ஏறி எறங்கி, பின்னாடித் தகட்டுல அரை வட்டமா ஒரு வெட்டு இருக்கும், அது வழியா மூக்கை வெளிய நீட்டோணும். பம்பர்ல படாம, தகட்டுல படாம, சரியா நடு மத்தியில. நாலு பக்கமும் விரல் நுழையற சந்து இருக்கோணுமாம். ரப்பர்ல தொங்கறது, கிளாம்ப்பு போட்டு முறுக்கறது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்கறீங்களா? அந்த மனுசன் சொல்லிச் சொல்லி, நான் தூக்கத்துலயே பைப்பு மாட்டிருவேன் அம்மிணி.

மொதல்ல மூக்கு இடது பக்கம் ஒதுங்கி இருந்துச்சு. பாய் கிளாம்ப்பைத் தளத்தி, பைப்பைத் திருகி, மறுபடி முறுக்குனாரு. வலது பக்கம் போயிருச்சு. எங்க வீட்டுக்காரர் பத்தடி தள்ளி நின்னு ஒத்தைக் கண்ணை மூடிப் பார்க்கறாரு, மாப்பிள்ளைக்குப் பொட்டு சரியா இருக்குதான்னு பார்க்கற மாதிரி. "ஒரு நூல் மேல தூக்குங்க பாய்." தூக்குனாரு. "அரை நூல் கீழ." எறக்குனாரு. பாயோட பொறுமைக்கு அவரைக் கும்பிடோணும். கடைசியில நடு மத்தியில வந்துச்சு. அம்சமாத்தான் இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. இஞ்சினைப் போட்டா புறா குனுகுற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அப்புறம் உடுமலையில எங்க சித்தி வீட்டுக்குக் கிளம்புனோம். ஊர் எல்லை தாண்டலை, பின்னாடி டொக்குங்குது. ஒரு பள்ளம், டொக்கு. ஒரு மேடு, டொக்கு டொக்கு. ஸ்பீடு பிரேக்கர் வந்தா யாரோ உள்ள இருந்து கதவைத் தட்டற மாதிரி டமார்ங்குது. அவரு முகம் செத்துப் போச்சு. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. உடுமலை போய்ச் சேர்ற வரைக்கும் காதைப் பின்னாடி வெச்சுக்கிட்டே ஓட்டுனாரு.

திரும்பி வர்றப்போ? ஒரு சத்தம் இல்லீங்க! நெய் மாதிரி வந்துச்சு. எங்க சித்தி என்ன குடுத்து விட்டா தெரியுங்களா? ஒரு சீப்பு வாழைப்பழம். நான் கொண்டு போனது என்ன, அவ குடுத்தது என்ன. அவ கை எப்பவுமே அப்படித்தான், விடுங்க.

மறுநாளே பாய்கிட்டப் போனோம். ஜாக்கி வெச்சு வண்டியைத் தூக்கி, சக்கரமெல்லாம் தொங்கவிட்டு, பாய் அடியில படுத்துப் பார்த்துட்டு, "எங்கயும் தட்டலீங்களே, அச்சுக்கும் பைப்புக்கும் நடுவுல என் கையே போகுது பாருங்க"ன்னாரு. எறக்கி ஓட்டிப் பார்த்தாங்க. சத்தம் வரலை. "அக்கா ஏறுனா வருதான்னு பார்க்கலாமுங்களா?"ன்னு பாய் தயங்கித் தயங்கிக் கேக்கறாரு. ரெண்டு ஆம்பளைகளும் என்னை மேலயும் கீழயும் பார்க்கறாங்க! எனக்கு வந்துச்சே கோவம். ஏறி உக்காந்தேன். மார்க்கெட்டு வரைக்கும் போய்ட்டு வந்தோம். சத்தம் வந்துச்சா? வரலை! "இப்ப என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டேன். பாய் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

ஆனாலும் திருப்பூர்ல ஒரு காதுகுத்துக்குப் போனப்போ டொக்கு டொக்கு. பழனிக்குப் பக்கத்துல எங்க பெரியப்பா மகன் வீட்டுக்குப் போனப்போ டொக்கு டொக்கு. ஆனைமலை கோயிலுக்குப் போனப்போ மட்டும் ஒண்ணுமில்லை. ஒரே ஒரு தேங்காய் ஒடைச்சுக் கும்பிட்டு வந்தோம், போறப்பவும் சத்தமில்லை, வர்றப்பவும் சத்தமில்லை. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. இது இஞ்சின் கோளாறு இல்லை, கண் திருஷ்டி! ஒறம்பரை கண்ணு. செவப்பு வண்டியில புருசனும் பொண்டாட்டியும் சோடி போட்டுப் போய் எறங்குனா வயிறு எரியாதுங்களா? ஒரு எலுமிச்சம்பழம், நாலு மொளகாய் கோத்து பம்பருக்கு அடியில கட்டி விட்டேன். அது அந்தப் பைப்பு சூட்டுல வெந்து, வழியெல்லாம் ஊறுகாய் வாசம். வண்டியை நிறுத்தி எறங்கிப் பார்த்துட்டு, அவரு ரெண்டு நாளைக்கு எங்கிட்டப் பேசலை.

புரட்டாசியில பாய் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பண்ணிட்டேங்கண்ணா, இதுக்கு மேல அல்லாதான் பார்க்கோணும்"னுட்டாரு. அப்புறம் இவரே எறங்கிட்டாரு. காலையில எந்திரிச்சா வண்டிக்கடியில. மத்தியானம் சோத்துக்குக் கூப்புட்டா வண்டிக்கடியில இருந்து குரல் வருது. ரப்பரை மாத்துவாரு, கிளாம்ப்பை மாத்துவாரு, பைப்பை அரை விரக்கடை அந்தப் பக்கம் தள்ளுவாரு, கால் விரக்கடை இந்தப் பக்கம் இழுப்பாரு. நான் உள்ள உக்காந்து ஆக்சிலேட்டரை மிதிக்கோணும். "மிதி... விடு... மிதி... விடுன்னா விடு!" முதுகு பூராவும் கல்லு குத்துன தழும்பு. ராத்திரி எண்ணெய் தேய்ச்சு விடறப்போ எனக்கே அழுகை வரும்.

ஐப்பசியில வந்துச்சு பாருங்க வினை. எங்கண்ணன், சிவமலைன்னு பேரு, காங்கேயத்துப் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோறான். நான் பொறந்த வீட்டுப் பொண்ணு, சும்மா போக முடியுங்களா? எங்க அண்ணி ரொம்ப நாளா ஒரு நல்ல அம்மிக்கல்லு கேட்டுக்கிட்டே இருந்தா. வாங்கி டிக்கியில வெச்சேன். வழக்கம் போலத் தேங்காயும் எண்ணெயும். அன்னைக்குத்தான் அம்மிணி சத்தம் எச்சா! காங்கேயம் ரோட்டுல ஆடு மாடெல்லாம் மெரண்டு திரும்பிப் பார்க்குது. விசேச வீட்டு முன்னாடி அத்தனை சனம், மேளம் வேற. மேளத்தையும் மீறி டமார் டமார்னு போய் நின்னோம். எங்கண்ணன் சும்மா இருந்திருக்கலாம். அவனுக்கு நாக்குல சனி. "வாங்க மாப்பிள்ளை, மாட்டு வண்டி கூட இத்தனை சத்தம் போடாதுங்களே! ரெண்டு காளையைப் பூட்டிருங்க, வண்டிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது"ன்னுட்டான். பந்தல் பூரா சிரிப்பு. குழந்தை குட்டியெல்லாம் சிரிக்குது.

எங்க வீட்டுக்காரரும் சிரிச்சாருங்க. அதைத்தான் என்னால தாங்க முடியலை. கோவப்பட்டிருந்தாக் கூடப் பரவாயில்லை.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து வண்டி மேல துணியைப் போட்டு மூடுனவருதான். ஆழியாறும் இல்லை, பாட்டும் இல்லை. பழையபடி மோட்டார் போட்டாச்சா, சோறு ஆச்சா. போன வாரம் சோத்துல மோரை ஊத்திக்கிட்டே, "கோயமுத்தூர்ல ஒருத்தர் கேட்டாரு, குடுத்தர்லாம்னு இருக்கேன்"ன்னாரு. நான் என்ன சொல்றது? "உங்க இஷ்டம்"ன்னேன். வேற என்னங்க சொல்லுவேன்? "சத்தம் வரும்னு சொல்லியே குடுத்துருவேன், மறைச்சு விக்கறது பாவம்"ன்னாரு.

அந்த ஆளு இன்னைக்குத்தான் வர்றாரு. இந்நேரம் வந்திருப்பாரு. எனக்கென்ன, தலைவலி விட்டுச்சுன்னு கிளம்பிட்டேன். தங்கச்சியைப் பார்த்தும் ரொம்ப நாளாச்சு. வண்டி போறதைப் பார்க்க முடியாம ஒண்ணும் நான் வரலீங்க. கண்ணுல தூசி. இந்தச் சன்னலைக் கொஞ்சம் சாத்துங்க அம்மிணி.

என்னங்க கேட்டீங்க? டிக்கியிலயா? ஒவ்வொரு தடவையும் என்ன கொண்டு போவேன்னா? இதேதானுங்க, இந்தச் சாக்கு மாதிரி ஒரு சாக்கு. சில சமயம் ரெண்டு. அவருக்குத் தெரியாது. டிக்கியில எதையாவது வெச்சா பெயிண்டு கீறிருமாம், ஒரு பை வெக்க விடமாட்டாரு. அதனால அவரு குளிக்கப் போறப்போ நானும் தோட்டத்துல வேலை செய்யற மாரக்காளும் சேர்ந்து ஏத்தி, மேல ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிருவோம். போன எடத்துல அவரு முன்னாடி பானெட்டைத் தூக்கி ஆம்பளைகளுக்கு இஞ்சினைக் காட்டிட்டு இருப்பாரு, பின்னாடி நாங்க பொம்பளைக சத்தமில்லாம எறக்கிருவோம். பாய் கடைக்கா? ஏனுங்கம்மிணி, சைலன்சர் கடைக்கு யாராவது தேங்காய் கொண்டு போவாங்களா?

எதுக்குச் சிரிக்கறீங்க?

இல்லை, எதுக்குச் சிரிக்கறீங்கன்னு சொல்லுங்க.

ஓ. பாரம் ஏறுனா வண்டியோட பின்பக்கம் தாழும். தாழ்ந்தா அச்சுக்கும் பைப்புக்கும் நடுவுல சந்து கொறஞ்சு போகும். பள்ளம் மேட்டுல அச்சு எகிறி பைப்பைத் தட்டும். அதைத்தான சொல்றீங்க? நல்லாருக்குது போங்க! ஜபார் பாய்க்குத் தெரியாதது, அத்தனை நாள் அடியில படுத்த மனுசனுக்குத் தெரியாதது, பஸ்ல உக்காந்து உங்களுக்குத் தெரிஞ்சுருச்சாக்கும். தேங்காய் என்னங்க பாவம் பண்ணுச்சு? மகாலட்சுமிங்க அது. படிச்ச புள்ளைகளுக்கு எல்லாத்துலயும் ஒரு கணக்கு. இருங்க, போன் அடிக்குது. அவருதான். வித்துட்டாரு போல. என்னால பேச முடியாது. நீங்க எடுத்து... சரி, குடுங்க, நானே பேசறேன்.

ஏனுங்க? ஆமா, பஸ்லதான். கத்தாதீங்க, கேக்குது. ம். ம். வந்துட்டாரா? ஓட்டிப் பார்த்தாரா? ம்... என்னது? வரலையா? ரயில்வே கேட் தாண்டியுமா? ஸ்பீடு பிரேக்கர்லயுமா? மூணு தடவையுமா! ஐயோ சாமி... நீங்க பாடறது இங்க பஸ்ஸுக்கே கேக்குதுங்க. நேத்து பண்ணுனீங்களா? அந்த ரப்பரை அரை விரக்கடை தள்ளுனதா... ஓகோ... ம்... அப்ப அவருகிட்ட என்ன சொன்னீங்க? குடுக்க மாட்டேன்னுட்டீங்களா? திட்டுனாரா? திட்டிட்டுப் போகட்டும்! இப்ப எங்கிருந்து பேசறீங்க? ரோட்டுலயா? எதுக்குங்க அத்தனை வேகம்! சரி... சரி... கிணத்துக்கடவுல எறங்கி நிக்கறேன். சரின்னு சொல்றேன்ல, போனை வெச்சுட்டு ரோட்டைப் பாருங்க.

...

ஒரு நிமிசம் அம்மிணி. ஒண்ணும் பேசாதீங்க.

இன்னைக்கு அந்த டிக்கியில ஒண்ணுமே இல்லீங்களே. எல்லாம் உங்க காலடியில கிடக்குது.

ஆடியில இருந்து அம்மிணி! ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. அந்த முதுகு! நான் தேய்ச்சு விட்ட எண்ணெய்! அந்த அம்மிக்கல்லு! ஐயோ, பந்தல்ல அவரு சிரிச்ச சிரிப்பு! ஏனுங்கம்மிணி, தேங்காய்னாலதானுங்களே? நான் ஏறுனதுனால ஒண்ணும் இல்லீங்களே? மெய்யாத்தான சொல்றீங்க? பாய் கடையில நான் ஏறுனப்போ சத்தம் வரலை, அதை நீங்க மறக்கக் கூடாது.

நீங்க இப்படிப் பார்க்காதீங்க. அவருகிட்டச் சொல்லோணும்னுதான பார்க்கறீங்க? சொல்ல மாட்டேன். பயம்னு நினைக்காதீங்க, அந்த மனுசனுக்கா நான் பயப்படறது? போன்ல கேட்டீங்கல்ல, எப்படிக் கத்துனாரு? "நான் பண்ணிட்டேன் வசந்தா, நானே பண்ணிட்டேன்"ங்கறாரு. பையன் பொறந்த அன்னைக்குக் கூட இப்படிக் கத்தலைங்க. பாயால முடியாததை அவரு முடிச்சுட்டாராம். நேரா எங்கண்ணன் வீட்டுக்குப் போய், அவன் வாசல்ல நாலு சுத்து சுத்திட்டு வரோணுமாம். அவரு அங்க போய் நின்னு, தேங்காய்தானுங்க காரணம், என் பொண்டாட்டி ஏத்துன தேங்காய்னு சொல்லச் சொல்றீங்களா? எங்கண்ணன் அதை வெச்சே பத்து வருசம் சிரிப்பான்.

கிணத்துக்கடவு வந்துருச்சா? ஏப்பா கண்டக்டரு, நிறுத்து நிறுத்து, எறங்கோணும்! இல்லீங்கம்மிணி, நீங்க சாக்கைத் தொடாதீங்க. அது இங்கயே இருக்கட்டும். நீங்க உக்கடந்தான போறீங்க? எந்தங்கச்சி பையன் பிரபு, கண்ணாடி போட்டவன், ஒல்லியா ஒசரமா இருப்பான், பஸ் ஸ்டாண்டுல நிப்பான். போன் பண்ணிச் சொல்லிர்றேன், வந்து எறக்கிக்குவான். உங்களுக்கும் ரெண்டு தேங்காய் எடுத்துக்கோங்க. கூச்சப்படாதீங்க. நாலா எடுத்துக்கோங்க, வீட்டுல அம்மாவுக்குக் குடுங்க. ஏம்ப்பா, உனக்கும் ரெண்டு எடுத்துக்க, சாக்கை மட்டும் பதனமா எறக்கி விடு. கல்லு மண்ணு ஒண்ணும் இல்லை அதுல.

வெறுங்கையோட ஒறம்பரை வீட்டுக்கு. என் ஆயுசுல இதுதான் மொதத் தடவை. கையை எங்க வெக்கறதுன்னே தெரியலை.

அதோ! அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாடி, செவப்பா, பார்த்தீங்களா? சன்னல்ல இருந்து எட்டிப் பாருங்க. அந்தப் பள்ளத்துல எறங்கப் போகுது, சித்த காதைக் குடுத்துக் கேளுங்க... கேட்டுச்சா? ஒண்ணும் கேக்கலீல்ல? மூக்கு பாருங்க, நடு மத்தியில! மனுசன் கையை ஆட்டறதைப் பாருங்க, சின்னப் பையனாட்ட. நான் போறேன் அம்மிணி. ஏறி உக்காந்ததும் மொதல்ல, "எப்படிங்க சரி பண்ணுனீங்க?"ன்னு கேக்கோணும். காங்கேயத்துல எங்கண்ணன் வீடு போற வரைக்கும் சொல்லுவாரு. சொல்லட்டும்.